காதால் பார்க்கும் சீரியல்

சீரியல் பார்ப்பவர்களைக் கிண்டல் செய்வதில் நான் ஒரு காலத்தில் பெயர் வாங்கியவன். ‘சித்தி’ ஓடிய நாட்களில் வீட்டுக்கு வருகிறவர்களிடம், “சீரியல் முடியுற வரைக்கும் எங்க வீட்ல தண்ணிகூடக் கிடைக்காது, உக்காருங்க” என்பேன். ‘மெட்டி ஒலி’ வந்தது, ‘கோலங்கள்’ வந்தது. நான் பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவேன். எனக்குப் பிடித்தது ‘ரமணி வெர்சஸ் ரமணி’, பிறகு ‘லொள்ளு சபா’. அவற்றுக்கு மட்டும் உள்ளே வருவேன்.

இப்போது தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு டிவி முன்னால் முதல் ஆளாக உட்காருகிறவன் நான்தான். காரணத்தைச் சொல்கிறேன்.

2023-இல் சன் டிவியில் ‘எதிர்நீச்சல்’ உச்சத்தில் இருந்த சமயம். ஒரு நாள் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தேன். என் மனைவி டிவிக்கு ரொம்பப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒருவர் வந்து பேசாமல் நிற்கிறார். “என்னங்க, யாரு வந்திருக்கறது?” என்றாள். “குணசேகரன்தானே, தினமும் பாக்கிற ஆளு” என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறேழு மாதமாகவே அப்படித்தானாம். சொன்னால் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவேன் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

விழித்திரையின் நடுப்பகுதி வயதால் கெட்டுப்போயிருக்கிறது என்றார் டாக்டர். கண்ணுக்குள் ஊசி போட்டு, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனது வராது. ஓரத்தில் இருப்பதெல்லாம் அவளுக்குத் தெரிகிறது. திரைச்சீலை, தூண், புடவையின் நிறம் தெரியும். நேரே பார்க்கிற இடத்தில் மட்டும் ஒரு கறை. அதாவது, முகம் தெரியாது. சீரியலோ முகத்தை வைத்தே நடப்பது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், கூடத்தில் நிற்கிற பத்துப் பேர் முகத்தையும் இடிச் சத்தத்தோடு மூன்று முறை காட்டுவார்கள்.

அன்றிலிருந்து நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். ஒரு வாரத்திலேயே தெரிந்துபோனது, பெரும்பாலும் என் உதவி தேவையே இல்லை. சீரியல் காதுக்காகச் செய்யப்படுவது. நான் இத்தனை வருஷம் கேலி செய்ததெல்லாம் அதற்காக வைத்ததுதான். ஒவ்வொரு வரியிலும் “அத்தை”, “மாமா”, “அக்கா” என்று கூப்பிட்டுக்கொண்டே பேசுகிறார்களே, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பது அடுப்படியில் இருப்பவளுக்கும் தெரிய வேண்டும். மனதுக்குள் நினைப்பதைக்கூடக் குரலில் சொல்லிவிடுகிறார்கள். வில்லிக்கு ஒரு இசை, அழுகைக்கு ஒரு இசை. கீரை ஆய்ந்துகொண்டே பார்க்கிறவர்களுக்குக் கண் கையில்தானே இருக்கும்!

ஆனால் ‘எதிர்நீச்சல்’ அதற்கும் ஒரு படி மேலே. ‘கோலங்கள்’ எடுத்த அதே திருச்செல்வம்தான் இயக்குநர். ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்து அந்தப் பாத்திரத்தைக் குரலாலேயே நிறுத்திவைத்தார். “இந்தாம்மா ஏய்” என்பதைத் தமிழ்நாடே சொல்லிக்கொண்டு திரிந்தது. அவர் 2023 செப்டம்பர் 8 காலையில் இறந்துபோனார், அந்தத் தொடருக்கு டப்பிங் பேசப் போன இடத்தில். செய்தியைப் படித்துச் சொன்னதும் இவள் சொந்தக்காரர் போனதுபோல உட்கார்ந்துவிட்டாள். பிறகு அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். ‘குற்றப் பரம்பரை’ எழுதியவர். எனக்கு அவர் எழுத்து பிடிக்கும். முதல் நாள் கேட்டுவிட்டு இவள் சொன்னாள்: “இவரும் நல்லாத்தான் பேசறாரு. ஆனா இவரு மிரட்டறாரு. அவரு சும்மா பேசினாலே வயித்தக் கலக்கும்.” எந்தப் பத்திரிகை விமர்சனத்திலும் நான் இவ்வளவு சரியாகப் படித்ததில்லை.

‘சிறகடிக்க ஆசை’யும் பார்க்கிறோம். முத்துவின் அப்பா அண்ணாமலை வாய் திறந்தால் போதும், “சுந்தர்ராஜன் வந்துட்டாரு” என்பாள். ‘பயணங்கள் முடிவதில்லை’ எடுத்தவர் இந்த வயதில் எவ்வளவு இயல்பாக நடிக்கிறார்! ஆனால் ரோகிணியின் ரகசியம் இன்று உடையும், நாளை உடையும் என்று மாதக்கணக்கில் இழுத்தார்களே, அதை மன்னிக்க முடியாது.

மற்ற நிகழ்ச்சிகளில்தான் எனக்கு வேலை. ‘குக் வித் கோமாளி’யில் நான் புகழின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பேன். “என்ன பண்றான்?” என்பாள். சொல்வேன். சொன்னதும் அதில் சிரிக்க ஒன்றும் இருக்காது. எல்லாரும் ஒரே சமயத்தில் கத்த, நடுவில் கார்ட்டூன் சத்தம் வேறு. “சந்தைக்கடை மாதிரி இருக்கு, மாத்துங்க” என்பாள். ‘சூப்பர் சிங்கர்’ அவளுக்கு உகந்தது. ஆனால் பாட்டுக்கு நடுவே வயலினை இழுத்துக் குடும்பக் கஷ்டத்தைச் சொல்லும்போது “பாட்டப் போடுங்கப்பா” என்று டிவியையே அதட்டுவாள். ‘நீயா நானா’ 2006-லிருந்து ஓடுகிறது. கோபிநாத் பேச்சுக்குக் கண்ணே வேண்டாம்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ‘எதிர்நீச்சலி’ல் ஈஸ்வரி பேசாமல் நிற்கிற காட்சி. எனக்குத் தூக்கம். “என்ன பண்றா?” என்றாள். “சும்மா நிக்கிறா” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மூஞ்சி எப்படி இருக்கு?” என்றாள். “நல்லாத்தான் இருக்கு.”

“நீங்க பாக்கல” என்றாள். “இந்த வீட்ல நாப்பது வருஷமா நானும் சும்மாதான் நின்னேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. விளம்பரம் வந்தது. நான் எழுந்துபோய் மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். மறுநாள் அதே காட்சியிலிருந்து தொடங்கினார்கள், வழக்கம்போல. இந்த முறை ஒழுங்காகப் பார்த்தேன். “அழக்கூடாதுன்னு கீழ்உதட்டைக் கடிச்சிக்கிட்டிருக்கா. புருஷனப் பாக்கல, கதவப் பாக்கறா” என்றேன். “ம்ம், போயிடுவா” என்றாள்.

பிக் பாஸ் மட்டும் அவளுக்கு ஆகாது. பாதி நேரம் முணுமுணுப்பு. கீழே எழுத்தில் போடுகிறார்கள், நான் படிப்பதற்குள் அடுத்த சண்டை வந்துவிடும். 2017-இல் கமல் நடத்தத் தொடங்கியபோது அவருடைய தமிழுக்காகவாவது கேட்டாள். இப்போது விஜய் சேதுபதி வெளுத்து வாங்குகிற ஞாயிற்றுக்கிழமைகளில் பாதியிலேயே தூங்கிவிடுகிறாள். சத்தத்தைக் குறைத்துவிட்டு நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். யார் வெளியே போகிறார்கள் என்று காலையில் கேட்பாளே!