முக்கனியும் நானும்

மா, பலா, வாழை என்னும் முக்கனிகளின் இனிமையை 33 ஆண்டுகள் வகுப்பறையில் விரித்துரைத்தவன் நான். கேட்ட மாணவர் நாவில் நீர் ஊறும். அக்கனிகளுக்கு அஞ்ச வேண்டிய காலமும் வரும் என்று அன்று நான் கருதியதில்லை.

நெடுநாளைய நீரிழிவால் என் சிறுநீரகங்கள் தளர்ந்தன. கனிகளில் பொட்டாசியம் என்னும் சத்து உண்டு. தசைகள் இயங்கவும் இதயம் ஒழுங்காகத் துடிக்கவும் அது வேண்டும். மிகுந்ததை நலமுள்ள சிறுநீரகம் சிறுநீரோடு கழித்துவிடும். தளர்ந்த சிறுநீரகமோ குருதியிலேயே தேங்கவிடும். தேங்கியது அளவு கடந்தால் இதயத் துடிப்புத் தடுமாறும், நின்றுவிடுதலும் கூடும்.

"ஐயா, பழத்தை அளந்து உண்ணுங்கள்" என்று மருத்துவர் எச்சரித்தார். திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தை ஆண்டுதோறும் கற்பித்த எனக்கு இவர் அளவு கற்பிப்பதா என உள்ளுக்குள் நகைத்தேன். சித்திரைத் திருவிழாவன்று வெயில் தாளாமல் இளநீர் இரண்டு பருகினேன். பிரசாதமாக வந்த வாழைப்பழங்களையும் விடவில்லை. மறுநாள் கால்கள் துவண்டன. வீட்டுப் படி ஏற இயலவில்லை. குருதியில் லிட்டருக்கு 5 மில்லிமோல் அளவைக் கடக்கலாகாத பொட்டாசியம் 6.4 ஆக உயர்ந்திருந்தது. இரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்தேன். இளநீரிலும் அச்சத்து மிகுதி என்பதை அங்கேதான் கற்றேன்.

முக்கனியும் ஒரு தன்மையன அல்ல. 100 கிராம் பலாச்சுளையில் ஏறத்தாழ 450 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளது, வாழையில் 350, மாம்பழத்தில் 170 அளவே. ஆப்பிளிலும் அன்னாசியிலும் 110 இருக்கும். ஆகவே பலாவும் வாழையும் என்னிடம் விடைபெற்றன. மாங்கனி ஒரு கீற்றாக எஞ்சியது. ஆப்பிளாயினும் மும்மடங்கு உண்டால் வாழைக்கு நிகராகிவிடும். இக்கணக்கு அறிவுக்கு எளிது, நாவுக்குத்தான் விளங்குவதில்லை! உலர்ந்த திராட்சையில் நீர் வற்றிச் சத்துச் செறிந்திருத்தலால் அதுவும் ஆகாது.

தமரத்தம்பழம் ஒன்றை மட்டும் சிறுநீரகம் தளர்ந்தோர் எவரும் தீண்டலாகாது. அதிலுள்ள நஞ்சு கழியாமல் தங்கி, விக்கல், மனக்குழப்பம், வலிப்பு ஆகியவற்றை விளைவிக்கும். 2013-இல் பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர் அந்நஞ்சைப் பிரித்தறிந்தனர். ஏனைய கனிகளில் ஆளுக்கு ஆள் அளவு வேறுபடும். என் தெருவில் அதே நோயுடைய நண்பர் ஒருவர் உளர். அவருக்குக் குருதியில் பொட்டாசியம் ஏறவில்லை. ஆதலின் வாழைக்குத் தடையில்லை. சோதனைத் தாளைப் பாராமல் அவரைப் பார்த்து நான் உண்ணுதல் தகுமோ?

சென்ற தை மாதம் பழைய மாணவர் ஒருவர் வாழைத்தாரோடு வந்தார். "எங்கள் தோட்டத்துப் பழம் ஐயா, ஒன்றேனும் உண்ண வேண்டும்" என்று உரித்தே நீட்டினார். அன்பை மறுப்பது நோயினும் கொடிதாயிருந்தது. உண்மையை உரைத்தேன். அவர் சற்றே திகைத்து, அப்பழத்தை என் பேரன் கையில் வைத்தார். "தாத்தாவுக்கு?" என்றான் அவன். அடுக்களையிலிருந்து என் மனைவி ஆப்பிள் துண்டுகள் நான்கைத் தட்டில் கொண்டுவந்தாள்.