முன்னால் போகும் சக்கரம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு சாங்கி கோஸ்ட் சாலையில் எனக்கு ஒரு வாடிக்கையான காட்சி உண்டு. குழுவில் உள்ள மற்ற ஏழு பேரின் முதுகும் மெல்ல மெல்லச் சிறியதாகிக்கொண்டே போகும். ஒரு பக்கம் விமான நிலையம், முகத்தில் கடற்காற்று, நீண்டு கிடக்கும் நேர்ச்சாலை. யார் பின்தங்குகிறார் என்பதை மறைக்க ஒரு வளைவுகூட உதவிக்கு வராது.

வானொலியில் காலை நிகழ்ச்சி படைப்பவள் நான். வாரநாள்களில் நாலரைக்கு எழுந்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேசிச் சம்பாதிக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றபோது வாங்கியதுதான் என் முதல் ரோட் பைக். அலுமினியச் சட்டம், பின்னால் எட்டு கியர், ரிம்மைப் பிடிக்கும் சாதாரண பிரேக். விலை 1,100 வெள்ளி.

பின்தங்குவதற்கான காரணத்தை நான் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டேன். சக்கரம்! குழுவில் பாதிப் பேரிடம் ஐந்து சென்டிமீட்டர் உயர ரிம் வைத்த கார்பன் சக்கரங்கள். அவர்கள் கடந்துபோகும்போது ‘வூம்’ என்று ஓர் அடிக்குரல் கேட்கும். ஒலியை வைத்துப் பிழைப்பவளுக்கு அது போதாதா? ஒரே வாரத்தில் இணையக்கடையில் ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்து, பணம் கட்டும் பக்கம் வரை போய்விட்டேன். 1,300 வெள்ளி.

“வண்டியைவிடச் சக்கரத்துக்கு விலை அதிகமா?” என்றார் கணவர். நான் முறைத்ததும், “உன் போனஸ், உன் விருப்பம். ஆனா, அத்தையை டிசம்பர்ல பினாங்குக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னியே, அதுவும் இதே போனஸ்தானே?” என்று கேட்டுவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டார். அம்மாவின் அக்கா பினாங்கில் இருக்கிறார். இருவரும் பார்த்துக்கொண்டு நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன.

மறுநாள் அங் மோ கியோவில் நான் வழக்கமாகப் போகும் மிதிவண்டிக் கடைக்குப் போனேன். கடைக்கார அங்கிள் வண்டியைத் தாங்கியில் மாட்டி, பின்சக்கரத்தைச் சுழற்றி, பிரேக் கட்டையின் ஓரத்தைக் கூர்ந்து பார்த்தார். லேசான நெளிவு. ஸ்போக் சாவியால் நாலைந்து கம்பிகளைத் திருகி நேராக்கினார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

“எங்கே பின்தங்குகிறாய்? மேட்டிலா, சமத்திலா?”

சமத்தில்தான் என்றேன். நம் தீவின் மிக உயர்ந்த இயற்கை மேடான புக்கிட் தீமா குன்றே 163 மீட்டர்தான். நான் ஓட்டும் பாதையில் மேம்பாலத்தைத் தவிர ஏற்றமே கிடையாது.

அவர் போட்ட கணக்கு எளிமையானது. என் சக்கர ஜோடி இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நான் பார்த்து வைத்த ஜோடி ஒன்றரைக் கிலோ. மிச்சமாவது ஒரு சிறிய போத்தல் தண்ணீரின் எடை. மேடு ஏறும்போது அது தெரியும், சமத்தில் தெரியாது. உயர ரிம் காற்றைக் கிழிக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதன் பலன் வேகமாகப் போகப் போகத்தான் கூடும். பக்கக் காற்று அடித்தால் அதே ரிம் முன்சக்கரத்தைத் தள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, என் வண்டியில் இருப்பது ரிம் பிரேக். கார்பன் ரிம்முக்குத் தனி பிரேக் கட்டை வாங்க வேண்டும், அதற்குப் பிறகும் மழையில் பிடிமானம் குறையும். மழையைக் கேட்காமல் சிங்கப்பூரில் எந்த ஞாயிறு விடிகிறது?

“முதலில் டயரை மாற்று,” என்றார். வண்டியோடு வந்த தடித்த டயரைக் கழற்றிவிட்டு நல்ல மடிப்பு டயர் போட்டார். டியூப், கூலி எல்லாம் சேர்த்து 150 வெள்ளிக்குள் முடிந்தது. டயர் கல்லாக இருந்தால்தான் வேகம் என்று நம்பி நான் 120 வரை காற்றடித்துக்கொண்டிருந்தேன். என் எடைக்கு 80 போதும் என்று குறைத்துவிட்டார். அடுத்த ஞாயிறு வண்டி வெண்ணெய்போல் ஓடியது. கை மரத்துப்போகவில்லை.

ஆனாலும் பின்தங்கினேன்.

அன்று குழுவின் மூத்தவரான டாக்சி ஓட்டும் அண்ணன் வேண்டுமென்றே எனக்குப் பின்னால் வந்திருக்கிறார். சாங்கி வில்லேஜ் உணவங்காடியில் நாசி லெமாக் வாங்கி உட்கார்ந்ததும் கேட்டார்: “ஏம்மா, முன்னால போறவங்களுக்கும் உனக்கும் நடுவுல ரெண்டு வண்டி நீளம் விடுறியே, எதுக்கு? எல்லாரும் ஒருத்தர் முதுகுல ஒருத்தர் ஒளிஞ்சு போறோம். நீ மட்டும் தனியா நின்னு காத்தை வாங்குற.”

ஒருவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் ஏறத்தாழ கால்வாசி உழைப்பு மிச்சமாகும். எனக்கும் தெரியும். எந்த ரிம்மும் அவ்வளவு தராது என்பதும் தெரியும். ஆனால் கடந்த ஆண்டு மண்டாயில், வேறொரு குழுவோடு போனபோது, முன்னால் இருந்தவர் சட்டென்று வேகத்தைக் குறைத்தார். என் முன்சக்கரம் அவர் பின்சக்கரத்தை உரசியது. முழங்கையில் ஆறு தையல். திங்கட்கிழமை வழக்கம்போல் “வணக்கம் நேயர்களே” என்று சிரித்தேன். புதிய குழுவில் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன். சக்கரம் மட்டமானது என்று சொல்வது சுலபமாக இருந்தது.

வானொலியில் சேர்ந்த புதிதில் என் குரல் நடுங்கியதற்கு ஒலிவாங்கியைக் குறை சொன்னவள் நான். புத்தி எங்கே போகும்?

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அறிவுரை சொல்லவில்லை, கோப்பியைக் குடித்து முடித்தார். அடுத்த ஞாயிறு அரை மணி நேரம் முன்னதாக வரச் சொன்னார். சாலையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. “சக்கரத்தைப் பார்க்காதே, என் தோளைப் பார். விரல் பிரேக் மேலேயே இருக்கட்டும். பக்கவாட்டுல என் சக்கரத்தைத் தாண்டி மூக்கை நுழைக்காதே. நிறுத்துறதுன்னா கை காட்டுவேன்.” ஒவ்வொரு முறை அவர் கால் மிதிப்பதை நிறுத்தும்போதும் என் கை தானாக பிரேக்கை அழுத்தியது. இடைவெளி விரிந்தது. அவர் வேகத்தைக் குறைத்து மறுபடி என்னை ஒட்டவைத்தார், ஏழெட்டு முறை.

பினாங்குக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அம்மா இப்போதே பெட்டியில் எதையோ அடுக்கிக்கொண்டிருக்கிறார். அந்தச் சக்கரங்கள் இன்னும் இணையக்கடையின் கூடையில்தான் கிடக்கின்றன, நீக்க மனமில்லை. போன ஞாயிறு கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் ஒரு வண்டி நீளத்துக்குள் ஒட்டிப்போனேன். அதன் பிறகு ஒரு லாரி கடந்தது, பயந்து விலகிவிட்டேன். அண்ணன் திரும்பிப் பார்க்காமலே கையை ஆட்டி, வா என்றார்.