பின் சீட்டில் எடுத்த முடிவு

மைசூரு யாதவகிரி, வண்டிப் பிரியர்களுக்குத் தெரிந்த பேட்டை. 1961 முதல் 1996 வரை ஐடியல் ஜாவா தொழிற்சாலை இங்கேதான் இயங்கியது. ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்கள் இங்கிருந்துதான் நாடெங்கும் போயின. அந்தப் பேட்டையில், ஞாயிற்றுக்கிழமை காலை, நண்பர் ஒருவரின் வீட்டு வாசலில் இரண்டு கார்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ, இன்னொன்று ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். இரண்டின் உரிமையாளர்களும் விற்கத் தயார். வாங்கப்போவது ஒன்றைத்தான்.

எனக்குக் கார் ஓட்டுவது உயிர். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, குழந்தை சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நானும் கணவரும் வந்திருக்கிறோம். கிளம்பும்போது அம்மா போனில் கேட்டார்: “பிள்ளை பெத்தவளுக்கு இவ்வளவு வேகமான வண்டி எதுக்குடி?” நியாயமான கேள்வி. அதற்கு வாயால் பதில் சொல்வதைவிட வண்டியிலேயே பதில் தேடுவது நல்லது என்று தோன்றியது.

இரண்டும் 2025-ல் வெளிநாட்டிலிருந்து முழுதாக இறக்குமதியான கார்கள். கோல்ஃப் மே மாதம் 53 லட்சம் ரூபாய்க்கு வந்தது, ஆக்டேவியா அக்டோபரில் 49.99 லட்சத்துக்கு; இரண்டும் எக்ஸ்-ஷோரூம் விலை. கோல்ஃப் முதல் தவணையில் 150, ஆக்டேவியா அந்த ஆண்டில் மொத்தமே 100. அந்த நூறும் முன்பதிவிலேயே தீர்ந்துவிட்டதால், இப்போது யாராவது கைமாற்றினால்தான் உண்டு.

பானெட்டைத் திறந்து பார்த்தால் வித்தியாசம் பெரிதாக இல்லை. இரண்டிலும் அதே 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், அதே 265 பிஎஸ், அதே 370 நியூட்டன் மீட்டர், அதே ஏழு கியர் டிஎஸ்ஜி தானியங்கி கியர்பாக்ஸ். இரண்டுக்கும் முன் சக்கரங்களில்தான் இழுவை. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை கோல்ஃப் 5.9 விநாடியில் எட்டும், ஆக்டேவியா 6.4 விநாடியில் எட்டும் என்பது கம்பெனிக் கணக்கு. அந்த அரை விநாடி எனக்கு முக்கியமில்லை. இன்ஜின் ஒன்றே என்றானபின், முடிவு பின் சீட்டில்தான் இருக்கிறது.

முதலில் கோல்ஃபின் இடது பின்கதவைத் திறந்தேன். நம் ஊரில் இடதுபுறம்தான் நடைபாதைப் பக்கம். குழந்தையை ஏற்றி இறக்கும்போது முதுகுக்குப் பின்னால் வண்டி வராது. சீட்டின் முதுகும் அடியும் சேரும் மடிப்பில் கையை விட்டால், குழந்தை சீட்டை மாட்டுவதற்கான ஐசோஃபிக்ஸ் கம்பிகள் இரண்டு தட்டுப்படும். குழந்தை சீட்டுக்கான அடித்தட்டின் இரு கைகளையும் அவற்றில் வைத்துத் தள்ளினேன். ‘க்ளிக்’, மறுபடியும் ‘க்ளிக்’. சிவப்பாக இருந்த இரு அடையாளங்களும் பச்சையாக மாறின. முன்பக்கத் தாங்குகாலை இறக்கித் தரையில் ஊன்றியதும் மூன்றாவது பச்சை. அதன்மேல் குழந்தை சீட்டைப் பின்நோக்கியபடி பொருத்தினேன்.

பின்நோக்கி வைப்பதற்குக் காரணம் உண்டு. பிறந்த குழந்தையின் தலை, உடல் நீளத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு. கழுத்தோ இன்னும் உறுதிப்படவில்லை. முன்பார்த்து உட்கார்ந்திருக்கும்போது வண்டி மோதினால், தலையின் எடை முழுவதும் கழுத்தை இழுக்கும். பின்நோக்கி இருந்தால் அந்த விசையை சீட்டின் முதுகு தலை, கழுத்து, முதுகு முழுக்கப் பரப்பி வாங்கிக்கொள்ளும். ஐரோப்பாவின் ஆர்129 விதி, குறைந்தது 15 மாதம் வரை இப்படித்தான் உட்கார வைக்க வேண்டும் என்கிறது. ஏர்பேக் இயங்கும் முன் சீட்டில் பின்நோக்கிய சீட்டை ஒருபோதும் வைக்கக் கூடாது. ஏர்பேக் விரியும் வேகமே குழந்தையின் உயிருக்கு ஆபத்து.

கோல்ஃபில் சீட் பொருந்திவிட்டது. ஆனால் அதற்கு இடம் விட, முன் இடது சீட்டை நன்றாக முன்னால் தள்ள வேண்டியிருந்தது. என் கணவர் ஆறடி. உட்கார்ந்து பார்த்தவர், முழங்கால் டேஷ்போர்டில் இடிக்க, “பக்கத்துல மண்டியா வரைக்கும் தாங்கும்மா, அதுக்கு மேல கஷ்டம்” என்றார்.

ஆக்டேவியா கோல்ஃபைவிட 40 செ.மீ.க்கும் மேல் நீளம். அதே சீட்டை அதே இடத்தில் மாட்டினேன். கணவர் முன்னால் கால் நீட்டி உட்கார்ந்தார். பின்னால் குழந்தை சீட்டின் விளிம்புக்கும் முன் சீட்டின் முதுகுக்கும் இடையே என் கை தாராளமாக நுழைந்தது. நெருக்கடியான இடத்தில் பெல்ட்டைச் சரியாகப் போடாமல் ‘பக்கத்துலதானே போறோம்’ என்று கிளம்பிவிடும் சபலம் வரும். இடம் இருந்தால் ஒவ்வொரு முறையும் சரியாகப் போடுவோம். டிக்கியில் கோல்ஃப் 380 லிட்டர், ஆக்டேவியா 600. கோல்ஃபில் ஸ்ட்ரோலரை மடித்து வைத்ததும் இடம் முடிந்தது. ஆக்டேவியாவில் அதன் பக்கத்திலேயே ஒரு பெரிய பெட்டியும் பையும் உட்கார்ந்தன.

அடுத்து ஓட்டம். கோல்ஃபின் கட்டம் போட்ட சீட் துணி எனக்கு ரொம்பப் பிடித்தது. 1976-ல் வந்த முதல் ஜிடிஐக்கு இந்தக் கட்டங்களைத் தேர்ந்தெடுத்தவர் குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற பெண் வடிவமைப்பாளர். சாமுண்டி மலைப் பாதையில் ஏறினேன். வளைவில் உள்பக்கச் சக்கரம் பிடி தளரும்போது, முன் அச்சிலுள்ள டிஃபரன்ஷியல் லாக் வலுவை வெளிச்சக்கரத்துக்கு மாற்றுகிறது. மூக்கு வெளியே விலகாமல் நினைத்த கோட்டில் போகிறது. வேகம் ஐம்பதைத் தாண்டவில்லை, ஆனந்தத்துக்குக் குறைவும் இல்லை. அதே பாதையில் ஆக்டேவியாவும் நன்றாகத்தான் திரும்பியது. ஆனால் அதன் நீளம் ஒவ்வொரு வளைவிலும் தெரிந்தது. மலையில் கோல்ஃப்தான் ஜெயித்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இறங்கியதும் ஸ்டியரிங்கைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, குழந்தை சீட்டின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒண்டிகொப்பல் தெருக்களின் வேகத்தடைகள் மேல் ஒவ்வொரு காரையும் மெதுவாக ஏற்றி இறக்கச் சொன்னேன். கை சீட்டின் தலைப்பகுதியில். 18 அங்குலச் சக்கரமுள்ள கோல்ஃபில் ஆட்டம் மிதமாக வந்து அடங்கியது. 19 அங்குலச் சக்கரமுள்ள ஆக்டேவியாவில் சின்னப் பள்ளம்கூடக் கைக்கு எட்டியது, சஸ்பென்ஷன் கெட்டி. இது ஆக்டேவியாவின் உண்மையான குறை. வாங்குவதானால், ஊருக்குள் இன்னும் நிதானமாக ஓட்டியாக வேண்டும்.

கடைசியாக பெங்களூரு நெடுஞ்சாலை. 2023 மார்ச்சில் திறந்த இந்தச் சாலையில் வேக வரம்பு 100. மீறினால் கேமரா பிடிக்கும். 250 வரை போகக்கூடிய வண்டிக்கு இது போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்குப் போதும். லாரியைத் தாண்டும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் வண்டி பாய்ந்து, பாதுகாப்பாக இடப்பக்கம் திரும்பிவிடும் அந்தத் தெம்புதான் குடும்பத்தோடு போகும்போது இந்த இன்ஜினால் கிடைக்கும் பலன். நூறில் ஆக்டேவியா அசையாமல் போனது; பின் சீட்டில் பேச்சுக் குரல் தெளிவாகக் கேட்டது.

ஆக்டேவியாவைத்தான் எடுக்கிறோம். மலை வளைவு மாதத்தில் ஓரிரு முறை. குழந்தையை உட்கார வைப்பது தினமும். தினமும் செய்வதைச் சரியாகச் செய்ய இடம் தரும் வண்டிதான் இப்போது எங்களுக்கு நல்ல ஸ்போர்ட்ஸ் கார். அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன்: ஓட்டும் ஆசையை விட வேண்டியதில்லை, அது குழந்தையின் பாதுகாப்புக்குப் பின்னால் வரிசையில் நின்றால் போதும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. ஆனாலும் தாயின் மடியிலேயே குழந்தையை வைத்துக்கொண்டு போகும் கார்களை இந்த ஊரில் தினமும் பார்க்கிறேன். மோதலில் எந்தத் தாயின் கையாலும் அந்த விசையைத் தாங்க முடியாது. ஐம்பது லட்ச ரூபாய் வண்டியானாலும் ஐந்து லட்ச ரூபாய் வண்டியானாலும், பார்க்கப் போகும்போது குழந்தை சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். பின்நோக்கி மாட்டி, உங்கள் வீட்டில் உயரமானவரை அதற்கு முன்னால் உட்கார வைத்துப் பாருங்கள். அதற்கப்புறம் விலை பேசுங்கள்.