கப்பலேறி வந்த இசை

'ஹோலி லேண்ட்' ஆல்பத்தில் கிட்டார் ஒலிப்பதற்கு முன்பே தேவாலயச் சேர்ந்திசை கேட்டுவிடுகிறது. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியரான பலஸ்த்ரீனாவின் இசை அது. பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரத்து ஹெவி மெட்டல் குழுவான ஆங்ரா, 1996இல் வெளியிட்ட ஆல்பத்தை அங்கிருந்து ஏன் தொடங்கியது? அடுத்து வரும் பாடல்களில் பவர் மெட்டலுக்கே உரிய அதிவேக டிரம்ஸ் இருக்கிறது, வயலினைத் துரத்திப் பிடிப்பதுபோல் ஓடும் கிட்டார் இருக்கிறது, நடுவே பியானோவும் நாட்டுப்புறத் தாளங்களும் வருகின்றன. எதுவும் ஒட்டுப்போட்டதாகத் தெரியவில்லை. இவை எங்கே, எப்போது ஒன்று சேர்ந்தன என்று அறியும் ஆசையில்தான் தேட ஆரம்பித்தேன்.

முதலில் பாடகரின் பழைய பதிவுகளுக்குப் போனேன். ஆந்த்ரே மாத்தோஸ் 1971இல் சாவோ பாவ்லோவில் பிறந்தவர். பதின்பருவத்திலேயே வைப்பர் என்ற குழுவில் பாடினார். 1989இல் வந்த 'தியேட்டர் ஆஃப் ஃபேட்' ஆல்பத்தில் பீத்தோவனின் 'மூன்லைட்' சொனாட்டாவை வைத்தே ஒரு பாடல் உண்டு. பிறகு இசையமைப்பை முறையாகப் படித்தார். 1991இல் ஆங்ரா உருவானது. பிரேசிலின் தூப்பி பழங்குடி மரபில் நெருப்புத் தெய்வத்தின் பெயர் என்று குழுவினர் அதற்கு விளக்கம் தந்தார்கள்.

1993இல் வந்த முதல் ஆல்பம் 'ஏஞ்சல்ஸ் க்ரை'. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில், ஹெலோவீன் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான காய் ஹான்சனின் ஸ்டுடியோவில் பதிவானது. ஷூபர்ட்டின் முற்றுப்பெறாத சிம்பொனி, விவால்டியின் 'குளிர்காலம்', பகனினியின் 24ஆவது கப்ரீஸ் எல்லாம் அதில் தலைகாட்டுகின்றன. ஸ்வீடனின் கிட்டார் கலைஞர் இங்வே மால்ம்ஸ்டீன் 1984இல் 'ரைசிங் ஃபோர்ஸ்' ஆல்பம் மூலம் திறந்துவிட்ட வழி இது. அந்தப் பாணியின் உயிரான ஸ்வர வரிசை, நம் காதுக்குக் கீரவாணி. அழகான ஆல்பம்தான்; ஆனால் அதன் நகைகளில் பல ஐரோப்பாவில் இரவல் வாங்கியவை.

அதிலேயே 'நெவர் அண்டர்ஸ்டாண்ட்' என்ற பாடல் வேறு திசையைக் காட்டியது. அதில் கேட்கும் தாளம் பயாவுன். பிரேசிலின் வறண்ட வடகிழக்கைச் சேர்ந்த லூயிஸ் கொன்சாகா (1912–1989) 1940களில் நாடெங்கும் பரப்பிய ஆட்டத்தாளம் அது. அக்கார்டியன், சபும்பா என்ற பெரிய தோல்மேளம், இரும்பு முக்கோணம் ஆகிய மூன்றே கருவிகள் போதும். வடகிழக்கின் மெட்டுகளில் ஹரிகாம்போஜியின் ஸ்வரங்கள் நிறையக் கிடைக்கும். மத்தியமம் உயர்ந்து, வாசஸ்பதியின் ஸ்வரங்களாகவும் மாறும். இதைக் கண்டுகொண்ட நாளில் கொன்சாகாவின் பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கீரவாணியில் விரைந்தவர்களின் சொந்த மண்ணில் இந்த ஸ்வரங்கள் இருந்திருக்கின்றன.

பலஸ்த்ரீனா ஏன் என்ற கேள்வி மட்டும் மிச்சமிருந்தது. 'ஹோலி லேண்ட்' பாடல்கள் பேசுவது ஐரோப்பியர் பிரேசிலில் கால்வைத்த காலத்தை. அதனால் அந்தக் காலத்தின் மூல ஆவணத்தையே தேடிப் படித்தேன். போர்த்துகீசிய மாலுமி கப்ராலின் தலைமையில் 13 கப்பல்கள் 1500 மார்ச்சில் லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்டன. ஏப்ரல் 22 அன்று இன்றைய பாஹியா கரை தென்பட்டது. உடன் சென்ற எழுத்தர் பெரு வாஸ் டி காமின்யா, மே 1 தேதியிட்டு மன்னருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார்.

அந்தக் கடிதத்தில் தியோகு தியாஸ் என்றொருவர் வருகிறார். வேடிக்கை மனிதர் என்கிறார் காமின்யா. கப்பலில் வந்த துருத்திக்குழல் கலைஞரைக் கூட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போகிறார். அங்கிருந்த பழங்குடியினரின் கைகளைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறார். அவர்கள் சிரிக்கிறார்கள், குழலின் ஓசைக்குத் தாளம் தவறாமல் கூட ஆடுகிறார்கள். இவர் குட்டிக்கரணம் போட, வியந்து நிற்கிறார்கள். பிறகு திடீரென்று அச்சம் வந்து விலகிவிடுகிறார்கள். அதே நாட்களில் அந்தக் கரையில் முதல் திருப்பலியும் நடந்திருக்கிறது. கோயில் இசையும் நாட்டுப்புற ஆட்டமும் அந்த மண்ணில் இறங்கியது ஒரே வாரத்தில். ஆல்பத்தின் முதல் ஒலிக்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான்: மெட்டல் பாட்டுக்குப் போட்ட அலங்காரமில்லை அந்தச் சேர்ந்திசை, கதையே அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

கடிதம் எழுதிய காமின்யா ஊர் திரும்பவில்லை. கப்பல்கள் கோழிக்கோட்டை அடைந்தபின், அந்த டிசம்பரில் போர்த்துகீசியப் பண்டகசாலை தாக்கப்பட்டபோது அங்கேயே மாண்டார். அவருடைய கடிதம் 1817இல்தான் முதன்முறையாக அச்சேறியது.

இதையெல்லாம் படித்துவிட்டு 'கரோலினா ஃபோர்' பாடலுக்குத் திரும்பினேன். பத்து நிமிடத்துக்கு மேல் நீளும் கடற்பயணம் அது. கரோலினா ஃபோர் என்பது கப்பலின் பெயர். தொடக்கத்தில் மேளங்களோடு போர்த்துகீசிய மொழியில் ஒரு வணக்கம். வணங்கப்படுபவள் யேமஞ்ஜா, மேற்கு ஆப்பிரிக்காவின் யோருபா மக்கள் அட்லாண்டிக்கைக் கடக்கும்போது நெஞ்சில் சுமந்துவந்த தெய்வம், பிரேசிலில் கடலரசி. அடிமைகளாகப் பிரேசிலில் இறக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஏறத்தாழ 48 லட்சம் பேர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். அடிமைமுறை அங்கே ஒழிந்தது 1888இல். ஆல்பத்தில் எனக்குள்ள மனக்குறையும் இதுதான்: அந்த மக்கள் தாளத்தில் இருக்கிறார்கள்; கதையின் நடுவில் இல்லை. கரையில் நின்றவர்களைவிடக் கப்பலில் வந்தவர்களின் கண்ணே அதிகம் பார்க்கிறது. அதே 1996இல் இன்னொரு பிரேசில் குழுவான செபுல்டுரா, 'ரூட்ஸ்' ஆல்பத்துக்காக ஷவான்தே பழங்குடியினரின் ஊருக்கே போய் அவர்களோடு சேர்ந்து பதிவுசெய்தது. அந்த நேர்மை அதற்குரியது. ஆனாலும் இசையின் இழைகள் ஒன்றோடொன்று கலந்த விதத்தில் 'ஹோலி லேண்ட்' எட்டிய நயத்தைப் பவர் மெட்டலில் வேறெங்கும் நான் கேட்டதில்லை.

மாத்தோஸ் 2019 ஜூன் 8 அன்று மாரடைப்பால் காலமானார், வயது 47. ஆங்ராவின் கிட்டார் கலைஞர்களில் ஒருவரான கிகோ லூரெய்ரோ பின்னாளில் மெகாடெத் என்ற மெட்டல் குழுவில் சேர்ந்து உலகப் புகழ் பெற்றார். புதிதாகக் கேட்கப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பிடித்த பாட்டை மட்டும் பொறுக்கிக் கேட்காதீர்கள். பலஸ்த்ரீனாவிலிருந்து தொடங்கி, வரிசை மாற்றாமல், ஒரே அமர்வில் கடைசிவரை கேளுங்கள்.