எடைக்குப் போகும் பித்தளை

பழம்பாத்திரம் வாங்க வேண்டுமானால் பொங்கல் கழிந்த வாரத்தில் கும்பகோணம் வா என்று நண்பர் வெகுநாளாகச் சொல்லிவந்தார். "பண்டிகைக்கு முன்னாடி கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். காணும் பொங்கல் முடியட்டும், பின்கட்டுக்கே கூட்டிட்டுப் போவார்" என்பது அவர் கணக்கு. இந்தத் தை மாதம் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

மார்கழி கடைசியில் டெல்டா வீடுகளில் பரண் காலியாகும். போகிக்கு முன் பழசைப் போட்டுப் புதுசு எடுப்பது இங்கே வழக்கம். பொங்கல் பானை, கரண்டி, சீர்வரிசைப் பாத்திரம் என்று கடையின் முன்பக்கம் விற்றுத் தீரும். மாற்றாக வந்த பித்தளையும் செம்பும் வெண்கலமும் பின்பக்கம் குவியும். இவை பெரும்பாலும் உருக்குப் பட்டறைக்குப் போகும். நாச்சியார்கோவில் குத்துவிளக்காகவோ, சாலையோரக் காபிக் கடையின் டபராவாகவோ மறுபிறவி எடுக்கும். லாரி வருவதற்கு முன் போகிறவருக்குப் பொறுக்கி எடுக்கும் யோகம்.

பெரிய கடைத்தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் அப்படியொரு பின்கட்டில் உட்கார்ந்தேன். நண்பர் ஒவ்வொன்றாக எடுத்து விரலால் சுண்டினார். ஓசை நீண்டு நின்றால் வெண்கலம். சட்டென்று அடங்கினால் பித்தளை, அல்லது விரிசல் கண்ட வெண்கலம். செம்போடு வெள்ளீயம் சேர்ந்தது வெண்கலம், துத்தநாகம் சேர்ந்தது பித்தளை. பித்தளை கீழே விழுந்தால் நசுங்கும், வெண்கலம் உடையும். அதனால் நசுங்கல் உள்ள உருளியை வெண்கலம் என்று சொன்னால் நம்பாதே என்றார். பானையை வெளிச்சத்துக்குத் தூக்கி ஊசித்துளை பார்த்தார். அடியைத் தடவி ஒட்டுப்போட்ட இடம் தேடினார். உருப்படிக் கணக்கில் விலை கேட்காதே, தராசில் ஏற்றச் சொல் என்பது அவருடைய கடைசிப் பாடம்.

என் கண் விலையில் நிற்கவில்லை. ஏறக்குறைய எல்லாப் பாத்திரத்தின் கழுத்திலும் புள்ளி புள்ளியாய்ப் பெயர் வெட்டியிருந்தது. தகப்பனார் பெயரின் முதலெழுத்து, பெண்ணின் பெயர், கல்யாணத் தேதி. ஒரு தவலையில் இரண்டு பெயர்கள். தாயின் சீர் மகளுக்கும் போயிருக்கிறது. அந்தப் பெண்கள் இதை எடைக்குப் போட்டபோது என்ன கிடைத்திருக்கும்? பழம்பித்தளை விலையில், அழுக்குக்கும் ஒட்டுக்கும் கழிவு போக மீதி. அதே தவலை புளி போட்டு விளக்கப்பட்டு முன்பக்க அலமாரியில் 'ஆன்டிக்' என்று ஏறும்போது விலை இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. இடையில் யாரும் அதில் ஒரு சுத்தியல் அடிகூடப் போடவில்லை.

ஒரு பித்தளைத் தவலையும் வெண்கலப் பானையும் எடுத்துக்கொண்டேன். வெண்கலத்தில் அப்படியே சோறு வடிக்கலாம். பித்தளையில் புளிக்குழம்போ ரசமோ வைத்தால் களிம்பு ஏறும்; உள்ளே ஈயம் பூசியாக வேண்டும். "பாய்கிட்ட போங்க, இந்தப் பக்கம் அவர் ஒருத்தர்தான் ஒழுங்கா பூசுவார்" என்றார் கடைக்காரர்.

வேப்பமர நிழலில் தரையில் தோண்டிய குழி, அதில் கரி நெருப்பு, பக்கத்தில் கையால் சுற்றும் காற்றுச்சக்கரம். அவ்வளவுதான் பட்டறை. பாய்க்கு எழுபதைத் தாண்டியிருக்கும். தவலையை வாங்கி உள்ளே மூக்கை வைத்துப் பார்த்தார். "இருபது வருசமா யாரும் இதுல ஆக்கல தம்பி" என்றார்.

பாத்திரம் சூடேறியதும் நவச்சாரப் பொடியைத் தூவினார். குபுகுபுவென்று வெள்ளைப் புகை எழுந்தது. அந்தப் புகைதான் உலோகத்தின் மேலிருக்கும் துருப்படலத்தை அறுத்து ஈயம் பிடிக்க வைக்கிறது. அதே புகைதான் பூசுகிறவரின் நெஞ்சையும் அறுக்கிறது. வெள்ளீயக் குச்சியைத் தவலையின் உட்சுவரில் ஒரு கீற்று தேய்த்தார். 232 டிகிரியிலேயே உருகிவிடும் உலோகம் அது. கையிலிருந்த பஞ்சுப் பொதியால் சுற்றித் துடைக்கத் துடைக்க, மஞ்சள் தவலையின் உட்புறம் வெள்ளி போல மாறியது. கை ஓரிடத்திலும் நிற்கவில்லை. நின்றால் திட்டு விழும் என்றார்.

எட்டு வயதில் தகப்பனாரோடு தொழிலுக்கு வந்தவர். அப்போது இரும்புச் சக்கரம் கிடையாது, தோல் துருத்திதான். கல்யாணத்துக்குச் சமைக்கிற பெரிய அண்டாக்களுக்குள் அவரை இறக்கி விடுவார்கள்; மணலையும் உமியையும் போட்டுக் காலால் திருகித் திருகித் தேய்க்க வேண்டும். "என் பாதத்துல ரேகையே கிடையாது" என்று காலை நீட்டிக் காட்டினார். திருவையாறு, பாபநாசம், வலங்கைமான் பக்கமெல்லாம் துருத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். சம்பா அறுப்பு முடிந்த தை, மாசியில்தான் வேலை குவியும். கூலி நெல்லாக வரும். மிராசு வீட்டுத் திண்ணையில் பத்துநாள் தங்கிப் பூசிய காலமும் உண்டு.

"எவர்சில்வர் வந்துச்சு தம்பி. அம்மாமார் எல்லாம் பித்தளையைப் போட்டு அதை வாங்குனாங்க. அப்புறம் எங்க குரலுக்குக் கதவு திறக்கல." அவருடைய பிள்ளைகள் யாரும் இந்தப் பக்கம் வரவில்லை. புகையை நினைத்தால் வரச் சொல்லவும் அவருக்கு மனமில்லை.

இந்தியாவுக்கு வேண்டிய வெள்ளீயம் பெரும்பாலும் இறக்குமதியாகிறது. செம்பைவிட விலை மிக அதிகம். அதனால் சிலர் காரீயம் கலந்த பற்றாசைக் குச்சியைத் தேய்த்துவிட்டு ஈயம் என்கிறார்கள். காரீயம் நஞ்சு, குழந்தைகளின் மூளையையே தாக்கும். கூலியில் நாம் பிடிக்கும் ஒவ்வொரு ரூபாயும் அந்தக் கலப்படத்தை நோக்கித்தான் தள்ளுகிறது. நல்ல ஈயம், கரி, நவச்சாரம் எல்லாம் போக பாய் கையில் மிஞ்சுவது ஒரு கட்டடக் கூலியாளின் நாள் சம்பளத்துக்குக் கீழே. பெயர் வெட்டிய பெண்ணுக்குக் கழிவு விலை, பூசுகிற கைக்கு மிச்சக் கூலி, நடுவில் தராசு வைத்திருப்பவருக்கு லாபம்! 2023-இல் வந்த பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள் இருக்கின்றன. ஈயம் பூசுவது அதில் இல்லை. புகை போக ஒரு கூண்டும், கலப்படமில்லாத ஈயம் நியாய விலையில் கிடைக்க ஒரு வழியும் செய்து கொடுப்பது அரசுக்குப் பெரிய செலவல்ல. அதைச் செய்யாமல் பாரம்பரியம் என்று மேடையில் பேசுவதில் பொருளில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பரணில் பித்தளை இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். இறக்கி, ஈயம் பூசி, அடுப்பில் ஏற்றுங்கள். பூசியதை வெறுமையாகத் தீயில் வைக்காதீர்கள், கம்பிநாரால் தேய்க்காதீர்கள். பழசு வாங்குவதானால் பொங்கலுக்குப் பின் போங்கள், கடையில் எவ்வளவு வேண்டுமானாலும் பேரம் பேசுங்கள். ஈயம் பூசுகிறவரிடம் மட்டும் வெள்ளீயம்தானா என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லும் கூலியை அப்படியே கொடுங்கள்.