மணிமுத்தாற்றங்கரைச் சூளைகள்

திருமுதுகுன்றத்து இறைவன் அளித்த பன்னீராயிரம் பொன்னைச் சுந்தரமூர்த்தி நாயனார் மணிமுத்தாற்றிலே போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்திலே எடுத்துக் கொண்டார் என்பது புராணம். அந்தத் திருமுதுகுன்றம்தான் இன்றைய விருத்தாசலம். ஆற்றில் போட்டதைக் குளத்தில் எடுக்கும் வித்தை நாயனாரோடு போயிற்று. நாமோ பொன்னைப் பாரசீக வளைகுடாவில் போடுகிறோம். கிடைக்கும் எண்ணெய் புகையாய்ப் போகிறது!

கோயிலைத் தரிசித்துவிட்டுப் பீங்கான் பட்டறைகளின் பக்கம் செல்வோம். அரசினர் பீங்கான் தொழில்நுட்ப நிலையம் ஒன்று இவ்வூரில் இருக்கிறது. சுற்றிலும் சிறு பட்டறைகள். பொம்மை, ஜாடி, மின்சாரப் ப்யூஸ் கட்டை முதலியவை இங்கே உருவாகின்றன. நேயர்கள் வீட்டு மீட்டரின் கீழுள்ள வெள்ளைக் கட்டை இவ்வூரில் பிறந்ததாகவே இருக்கலாம்.

மண்ணுக்கு இவ்வட்டாரத்தில் பஞ்சமில்லை. கிழக்கே கடலூர் ரயில் பாதையில் நெய்வேலி இருக்கிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. அதன்மேல் மூடிக் கிடக்கும் மண்ணில் வெண்களியும் உண்டு. 1956-ல் சுரங்க நிறுவனம் ஏற்பட்டது. மண்ணை வாரும் ராட்சத யந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. மின்சார நிலையத்தை ஸோவியத் ருஷ்யாவின் உதவியுடன் கட்டினார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இரு கட்சியாரையும் ஒரே பள்ளத்தில் வேலை வாங்கிய சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

பக்கத்திலே கரி இருக்கையில் சூளைக்கு என்ன கவலை என்று தோன்றும். நெய்வேலிக் கரியில் ஏறக்குறையப் பாதி ஈரம். சுரங்கத்தருகே எரித்து மின்சாரமாக்குவதற்குத்தான் அது ஏற்றது. பீங்கானுக்கோ 1,200 டிகிரிக்கு மேற்பட்ட சூடு, அதுவும் நின்று நிதானமாய் எரியும் சுவாலை வேண்டும். புகை பட்டால் பளிங்குப் பூச்சு கறுத்துவிடும். ஆகவே நயமான சரக்குக்கு எண்ணெயையோ எரிவாயுவையோ நாட வேண்டியிருக்கிறது. தேசத்துக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100-க்கு 80 பங்குக்கு மேல் அந்நிய நாடுகளிலிருந்து வருவது. சமையல் வாயுவிலும் பாதிக்கு மேல் அப்படியே. அதிலும் பெரும்பகுதி வரும் ஹோர்மூஸ் ஜலசந்தி, மிகக் குறுகிய இடத்தில் சுமார் 33 கிலோமீட்டர் அகலந்தான்.

1914-ல் எம்டன் கப்பல் சென்னையைத் தாக்கியபோது அதன் குண்டுகள் எண்ணெய்த் தொட்டிகளைத் தேடிச் சென்றன. இக்கால யுத்தத்திற்கு அவ்வளவு அருகில் வரவேண்டிய அவசியமே இல்லை. 1973-ல் மேற்காசியாவில் மூண்ட போரினால் சில மாதங்களுக்குள் எண்ணெய் விலை நான்கு மடங்காயிற்று. 2022-ல் உக்ரேனில் பீரங்கி முழங்கியது. அவ்வாண்டு ஆகஸ்டிலே குஜராத்தில் பீங்கான் ஓட்டுக்குப் பேர்போன மோர்பி நகரில், வாயு விலை தாளாமல் பல சூளைகளை அணைத்து வைத்தார்கள். மேல்நாட்டார் முகம் சுளித்தும் நம் சர்க்கார் ருஷ்ய எண்ணெயை மலிவாக வாங்கினர். யுத்தத்திற்கு முன் நம் இறக்குமதியில் 100-க்கு 2 பங்குக்கும் குறைவாயிருந்த அது 2023-ல் மூன்றிலொரு பங்கைத் தாண்டிற்று. குடும்பஸ்தன் மலிவான கடையைத் தேடுவதைக் குற்றம் என்போமா? ஆனால் கடைக்காரனை மாற்றியதால் கடன் வாழ்வு நீங்கிவிடவில்லை.

அப்படியானால் சுதேசிக் கரியையே இன்னும் தோண்டலாமே என்பார்கள். தோண்டுவதற்கும் விலையுண்டு. 2023 ஜூலையில், பரவனாற்றைத் திருப்பும் கால்வாய்க்காக, வளையமாதேவியில் கதிர் முற்றாத நெல் வயலுக்குள் யந்திரங்கள் இறங்கின. நிலத்தை முன்னரே பணம் கொடுத்து எடுத்துக் கொண்டதாக நிறுவனம் சொல்லிற்று. கணக்கு சரியாகவே இருக்கட்டும். அறுவடை வரையில் இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்று சென்னை ஹைக்கோர்ட்டு நீதிபதி கேட்டார். அந்தக் கேள்வி கேட்கப்பட்டபோது பயிர் சேற்றில் மடிந்து கிடந்தது.