இழுத்துக் கட்டினால்தான் மெத்தை

பங்குனி, சித்திரை வெயிலில் போடிநாயக்கனூர் மலையடிவாரத்து இலவ மரங்களில் காய் முற்றி வெடிக்கிறது. மலைமேல் போடிமெட்டுப் பக்கம் ஏலக்காய், கீழே இலவம் பஞ்சு. ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஏலக்காய்தான் என்றாலும், போடி மெத்தையும் தலையணையும் தேடி வாங்குகிறவர்கள் வெளியூர்களிலும் இருக்கிறார்கள்.

நான் போயிருந்த பட்டறையில் குழந்தைக்கான சின்ன மெத்தை ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. பஞ்சு குவித்திருந்த அறையில் பெண்கள் மூக்கையும் வாயையும் துணியால் இறுகக் கட்டியிருந்தார்கள். மின்விசிறி ஓடவில்லை. காற்று பட்டால் பஞ்சு கூரைக்கு ஏறிவிடும்.

பருத்தி இழை விதையின் மேலேயே முளைப்பது. பிரித்தெடுக்க அரவை வேண்டும். இலவத்தின் இழை காயின் உட்சுவரிலிருந்து வளர்கிறது. அதனால் உலர்ந்த பஞ்சை அலைத்தாலே கறுத்த விதைகள் அடியில் உதிர்ந்துவிடும்.

ஒவ்வோர் இழையும் உள்ளீடற்ற குழல். உள்ளே காற்று, மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீர் எளிதில் ஏறாது. உயிர்காக்கும் மிதவை அங்கிகளில் ஒரு காலத்தில் இதைத்தான் அடைத்தார்கள். இலவம் பஞ்சுக்குப் பேர்போன ஜாவாத் தீவு 1942-இல் ஜப்பான் வசமாகி வரத்து நின்ற பிறகு, அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் மாற்றாக எருக்கின் உறவுச் செடி ஒன்றின் காய்களைப் பறித்துச் சேர்த்தார்கள்.

அந்த மெழுகுப் பூச்சின் வழுவழுப்புதான் மெத்தை தைப்பவருக்குத் தொல்லை. இழைகள் ஒன்றையொன்று பற்றுவதில்லை. உறையில் திணித்து வாயைத் தைத்தால் மட்டும் போதாது. பஞ்சு ஓரங்களுக்கு ஒதுங்கி நடுவில் பள்ளம் விழும். ஆகவே கட்டுப் போடுகிறார்கள்.

நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் உறை. முதலில் மூலைகள், பிறகு நடுப்பகுதி என்று பஞ்சு நிறைகிறது. வாயைத் தைத்து, உள்ளங்கையால் தட்டிச் சமன் செய்கிறார்கள். அடுத்து நீண்ட ஊசியில் முறுக்கு நூல் கோத்து, மேலிருந்து குத்திக் கீழே வாங்கி, சற்றுத் தள்ளி மறுபடி மேலே கொண்டுவந்து, துணி குழியும்வரை இழுத்து முடிச்சு. நூல் உறையை அறுக்காமலிருக்க முடிச்சுக்கு அடியில் சின்னத் துணித்துண்டு. இப்படியே வரிசை வரிசையாக.

குழந்தை மெத்தை என்றால் கட்டு நெருக்கமாக விழ வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தையைக் கெட்டியான, சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். பக்கத்தில் தலையணையோ பஞ்சுப் போர்வையோ கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. புசுபுசுவென்று அமுங்கும் மெத்தை கைக்குழந்தைக்கு ஆகாது. வீட்டில் தைப்பவர்கள் முடிச்சுகளை அடிப்பக்கம் வைத்து, நுனிகளை ஒட்ட நறுக்கிவிடலாம். நூல் பிள்ளையின் வாய்க்குப் போகாது.

மெத்தையை வெயிலில் காயப்போடலாம், தண்ணீரில் முக்கக் கூடாது. நெருப்புப் பக்கமும் ஆகாது, சட்டென்று பற்றிக்கொள்ளும். பல ஆண்டு கழித்துப் பஞ்சு அமுங்கினால் கட்டுகளை அறுத்து, பஞ்சை மறுபடி அடித்து, புது உறையில் போட்டுக்கொள்ளலாம். பள்ளம் விழுந்த ஃபோம் மெத்தைக்கு அந்த வழி இல்லை.

பட்டறையின் தூசு மட்டும் மனதை உறுத்துகிறது. மூக்கில் கட்டிய துணி, கண்ணுக்குத் தெரியாத துகளை முழுதாக நிறுத்தாது. அந்தப் பெண்களுக்கு நல்ல முகக்கவசமும், தூசை வெளியே இழுக்கும் ஏற்பாடும் வேண்டும். துணி, நூல் செலவைப் போல அந்தச் செலவையும் மெத்தையின் விலையில் சேர்த்து, வாங்குகிற நாம் கொடுக்க வேண்டும்.